உயிர் பிரிந்த நேரம்

ஒருவர் இறந்த நேரத்தைச் சொல்லும்போது ஊரில் யாரும் தயங்குவதில்லை. விடியற்காலை நாலு மணிக்கு உயிர் பிரிந்தது என்பார்கள், கேட்பவரும் ஏற்றுக்கொள்வார். உடலின் கணக்கு வேறு. இதயம் நின்ற சில வினாடிகளில் நினைவு தப்புகிறது. நாலைந்து நிமிடங்களில் ஆக்சிஜன் இல்லாமல் மூளைச் செல்கள் சேதமடையத் தொடங்குகின்றன. இரண்டிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் முகத்தசைகளில் விறைப்பு தொடங்கி உடலெங்கும் பரவுகிறது. அதற்குப் பிறகும், ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தால், கருவிழி இன்னொருவர் கண்ணில் பொருந்தி வேலை செய்கிறது. உடல் படிப்படியாகத்தான் அணைகிறது. அந்தப் படிகளுள் எதை இறப்பு என்று சொல்வது என்பதுதான் கேள்வி.

இந்தியச் சட்டம் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, உயிரோடு பிறந்த ஒருவரிடமிருந்து உயிரின் அறிகுறிகள் அனைத்தும் நிரந்தரமாக மறைவதே இறப்பு. அறிகுறிகள் மறைந்ததைப் பார்த்துச் சொல்லலாம். இனித் திரும்பாது என்பதை எப்படிப் பார்ப்பது? அது வரப்போவதைப் பற்றிய தீர்ப்பு. ஆகவே இறந்தார் என்று எவர் சொன்னாலும், கண்டதோடு ஒரு கணிப்பையும் சேர்த்தே சொல்கிறார்.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் இந்தக் கணிப்பு பலர் கைபட்டு உறுதியாகி வந்திருக்கிறது. மூச்சு நின்றதாகத் தோன்றினால் மூக்கருகே பஞ்சு பிடித்துப் பார்ப்பார்கள். நாடி தெரிந்தவர் மணிக்கட்டைத் தொடுவார். வாயில் விட்ட பால் உள்ளே இறங்காமல் கடைவாயில் வழியும். அதன் பிறகே கண்ணை மூடி, தாடையைக் கட்டி, கால் கட்டைவிரல்களைச் சேர்த்து முடிச்சிடுவது. குளிப்பாட்டுகிறவர்கள் உடலைத் தொடுகிறார்கள், வாய்க்கரிசி போடுகிறவர்கள் முகத்தைப் பார்க்கிறார்கள், சுடுகாட்டில் கடைசியாக ஒருமுறை முகத்துணி விலகுகிறது. சடங்குகளின் நோக்கம் பரிசோதனை அல்ல என்றாலும் பரிசோதனைக்கான அவகாசம் அவற்றில் இருந்தது. தவறு நேர்ந்திருந்தால் யாராவது ஒருவர் கண்ணில் பட்டிருக்கும். உயிரோடு புதைக்கப்பட்டுவிடுவோமோ என்ற பயம் 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவையும் பிடித்தாட்டியது. ஜெர்மனியின் வைமார் நகரில், ஹூஃபெலாண்ட் என்ற மருத்துவரின் முயற்சியால், அழுகல் தெரியும்வரை பிணங்களை வைத்துக் காத்திருப்பதற்கென்றே 1790களின் தொடக்கத்தில் ஒரு மண்டபம் கட்டினார்கள். அழுகலைவிட உறுதியான அடையாளம் அன்று அவர்களிடம் இருக்கவில்லை.

அடையாளங்கள் ஏமாற்றும் என்பதற்குத் தொலைவில் போய் உதாரணம் தேட வேண்டியதில்லை. கட்டுவிரியன் இரவில், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும் பாம்பு. கடிவாயில் வலியும் வீக்கமும் அதிகம் இராது. அதன் நஞ்சு நரம்பும் தசையும் சேரும் இடத்தை முடக்குகிறது. இமை தூக்க முடியாது, கண்மணி ஒளிக்குச் சுருங்காது, கை கால் அசையாது, மூச்சும் நின்றுவிடும். ஆள் இறந்துபோனதாகவே தோன்றும். ஆனால் செயற்கைச் சுவாசத்தில் வைத்து நஞ்சு முறிவு மருந்து கொடுத்து, முடக்கம் விலகும்வரை காத்திருந்தால், எழுந்து வீட்டுக்கு நடந்து போனவர்கள் உண்டு. மூளை மீளாமல் செயலிழந்த மூளைச்சாவு நிலையைச் சோதிக்கும் முன் நச்சு, மயக்க மருந்து, உடல் கடுமையாகக் குளிர்ந்த நிலை ஆகியவை இல்லை என்று உறுதி செய்தாக வேண்டும் என்ற விதியின் பின்னால் இத்தகைய அனுபவங்கள் இருக்கின்றன.

மூச்சும் இதயமும் நிற்பதே இறப்பு என்ற பழைய விடை செயற்கைச் சுவாசத்தால்தான் ஆட்டம் கண்டது. 1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, பியர்ன் இப்சன் என்ற மயக்கவியல் மருத்துவர் மூச்சுக்குழாயில் துளையிட்டு, கையால் பையை அழுத்திக் காற்று செலுத்தும் முறையைக் கொண்டுவந்தார். மருத்துவ மாணவர்கள் முறைவைத்து உட்கார்ந்து இரவும் பகலும் அழுத்தினார்கள். பலர் பிழைத்தார்கள். அதே முறை, மூளை முழுக்கச் செயலற்றுப் போனவர்களின் இதயத்தையும் ஓட வைத்தது. 1959இல் பிரெஞ்சு மருத்துவர்கள் மொல்லாரேவும் கூலோனும் இந்த நிலையை விவரித்தார்கள். 1967 டிசம்பரில் கேப்டவுனில் கிறிஸ்டியன் பர்னார்ட் முதல் மனித இதய மாற்றைச் செய்தார். அடுத்த ஆண்டே ஹார்வர்டு குழு, மீள முடியாத மயக்கத்தை இறப்பின் அளவுகோலாக ஏற்கலாம் என்று அறிக்கை தந்தது. உறுப்புக்காகவே இறப்பின் வரையறையை நகர்த்தினார்கள் என்ற குற்றச்சாட்டு அன்றிலிருந்து ஓயவில்லை. அதில் பாதி உண்மை இருக்கிறது: அந்த அறிக்கையே உறுப்பு மாற்றை ஒரு காரணமாகக் குறிப்பிட்டது. ஆனால் எவரும் யாருக்கும் உறுப்பு தராத உலகிலும், ஓடும் இயந்திரத்தை எப்போது நிறுத்துவது என்ற கேள்வி எழுந்தே தீரும்.

இந்தியா, 1976இல் பிரிட்டன் சென்ற வழியைப் பின்பற்றி, மூளைத்தண்டை அளவுகோலாகக் கொண்டது. தானாக மூச்சு விடவும் விழித்திருக்கவும் தேவையான கட்டுப்பாடு அங்கே இருக்கிறது. 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்துச் சான்றளிக்க வேண்டும். கண்மணியில் ஒளி பாய்ச்சுகிறார்கள், கருவிழியைத் தொட்டுப் பார்க்கிறார்கள், காதில் குளிர்ந்த நீர் விடுகிறார்கள், தொண்டையைத் தூண்டுகிறார்கள். கடைசியாக வருவது மூச்சுச் சோதனை. இயந்திரத்தை நிறுத்தி, குழாய்வழி ஆக்சிஜனை மட்டும் விட்டு, இரத்தத்தில் கரியமில வாயு ஏற விடுகிறார்கள். மூளைத்தண்டில் சிறிதேனும் உயிர்ப்பு இருந்தால் மார்பு ஒருமுறையாவது எழும்ப முயலும். பல நிமிடங்கள் பார்த்தும் எழும்பாவிட்டால் விடை கிடைத்துவிட்டது. பஞ்சைப் பிடித்துப் பார்த்த அதே சோதனைதான் இது, பல மடங்கு கவனத்தோடு.

தமிழ்நாட்டில் இந்த வரையறையை வீட்டுத் திண்ணைவரை கொண்டுவந்தது 2008 செப்டம்பரில் நடந்த ஒரு விபத்து. திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதியின் மகன், 15 வயது ஹிதேந்திரன், சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்தான். பெற்றோர் உறுப்புகளைத் தந்தார்கள். சென்னைப் போக்குவரத்துப் போலீசார் வழியை ஒழுங்குபடுத்த, அவன் இதயம் நகரைக் கடந்து ஒரு சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. இறந்தோர் உறுப்பு மாற்றில் தமிழ்நாடு முன்னணிக்கு வந்ததில் அந்தப் பெற்றோரின் முடிவுக்குப் பங்குண்டு. 2023இல் உறுப்புக் கொடையாளர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடைபெறும் என்று மாநில அரசு அறிவித்தது.

மூளைச்சாவோடு அடிக்கடி குழப்பப்படும் நிலை ஒன்று உண்டு. மும்பை செவிலியர் அருணா ஷான்பாக் 1973இல் தாக்கப்பட்டு, 2015இல் இறக்கும்வரை படுக்கையில் கிடந்தார். அவர் தானாகவே மூச்சு விட்டார். மூளைத்தண்டு வேலை செய்தது. ஆகவே அவர் இறந்தவர் அல்ல என்று 2011இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. உணர்வு மங்கிய உயிர் வேறு, உயிர் போன உடல் வேறு என்ற இந்தக் கோட்டை அழித்துவிட்டால், யாரை வேண்டுமானாலும் இறந்தவர் கணக்கில் சேர்க்கலாம் என்ற இடத்தில் போய் நிற்கும்.

மூளைச்சாவு மேற்கிலிருந்து வந்த கருத்து, நம் மரபுக்கு ஒவ்வாது என்று சொல்பவர்கள் மரபைச் சரியாகப் பார்ப்பதில்லை. இறப்பு படிப்படியாக நடப்பது என்பது இங்கே பழைய செய்தி. சித்த மருத்துவ, யோக மரபு உடலில் பத்து வாயுக்களைச் சொல்கிறது. பிராணன் முதலிய ஒன்பதும் நீங்கிய பின்னும் தனஞ்செயன் தங்கி, உடலை வீங்கச் செய்து, கடைசியில் தலை வழியே வெளியேறும் என்கிறது. சாந்தோக்கிய உபநிடதம் இறப்பவரின் வாக்கு மனத்திலும், மனம் பிராணனிலும், பிராணன் வெப்பத்திலும், வெப்பம் பரம்பொருளிலும் ஒடுங்குவதாக வரிசைப்படுத்துகிறது. சூழ நிற்கும் உறவினரை அடையாளம் காணும் திறன் அந்த ஒடுக்கத்தில் எந்த இடத்தில் போகிறது என்றும் அது பேசுகிறது. 13ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டார், உடலின் வேறாக உயிர் உண்டு என நிறுவும் இடத்தில், மூச்சே உயிர் என்ற கட்சியை மறுக்கிறார். தூக்கத்தில் மூச்சு ஓடிக்கொண்டிருந்தும் நுகர்வும் செயலும் இல்லாததால் மூச்சு வேறு, உயிர் வேறு என்பது அவர் வாதம். மூச்சு ஓடுவதே ஆள் இருப்பதற்குச் சான்றாகாது என்று ஏற்ற மரபுக்கு, இயந்திரம் ஓட்டும் மூச்சைப் பற்றிச் சொல்லித்தர அதிகம் இல்லை.

இந்தக் கேள்வியை எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்டவர் திருவண்ணாமலையில் வாழ்ந்தார். மேலே சொன்ன அடையாளங்கள் எல்லாம் பிறர் காண்பவை. இறப்பவருக்கு அது எப்போது நடக்கிறது?

1896 ஜூலையில், மதுரை மீனாட்சியம்மன் கோயில் பக்கம் சிற்றப்பா வீட்டு மாடியில், 16 வயது வேங்கடராமனுக்குக் காரணமில்லாமல் மரணபயம் வந்தது. உடம்பில் நோய் எதுவும் இல்லை. மருத்துவரைத் தேடாமல், பையன் பிணத்தைப் போல் கை கால்களை விறைத்துப் படுத்து, மூச்சை அடக்கி, உதட்டை இறுக மூடிக்கொண்டு ஆராய்ந்தான்: இந்த உடம்பு செத்தது, இதைச் சுட்டு விடுவார்கள், அதோடு நானும் செத்தேனா? உடம்பு சடமாய்க் கிடந்தும் நான் என்னும் உணர்வு விலகாமல் நிற்பதைக் கண்டதாகப் பின்னாளில் ரமண மகரிஷியாக அவர் சொன்னார். அதே ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள் திருவண்ணாமலை வந்தவர், பிறகு அந்த ஊரை விட்டுப் போகவே இல்லை.

இதை நடிப்பு என்று தள்ளுவதற்கு இடமுண்டு. உயிருள்ளவன் அடக்கிய மூச்சு இறந்தவனின் மூச்சு ஆகாது. 1912இல் நடந்தது அப்படி எளிதில் தள்ளத்தக்கதல்ல. வேலூர்ச் சாலையில் வேங்கிக்கால் வழியாக ஊருக்குள் வருபவர்கள் முதலில் காணும், மலையின் வடகிழக்குப் பக்க அடிவாரத்தில் பச்சையம்மன் கோயில் இருக்கிறது. அங்கே எண்ணெய்க் குளியல் முடித்து, பழனிசுவாமி, வாசுதேவ சாஸ்திரி முதலிய அடியார்களோடு, தாம் தங்கியிருந்த விரூபாட்ச குகைக்குத் திரும்பும் வழியில், ஆமைப்பாறை அருகே ரமணருக்குத் தலை சுற்றியது. எதிரே இருந்த காட்சியை வெள்ளைத் திரை ஒன்று சிறிது சிறிதாக மறைத்தது. மூச்சும் இரத்த ஓட்டமும் நின்றன, தோல் நீலம் பாய்ந்தது. இறந்துவிட்டார் என்று நினைத்து வாசுதேவ சாஸ்திரி கட்டிப்பிடித்து அழுதார். அவர் பிடித்திருப்பதும், நடுங்குவதும், புலம்புவதும் தமக்குத் தெரிந்தே இருந்ததாக ரமணர் சொன்னார். பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து உடம்பில் ஒரு வேகம் பாய்ந்து, ஓட்டம் மீண்டு, வியர்வை பெருகியது. இதை நரசிம்ம சுவாமி எழுதிய வாழ்க்கை வரலாறு பதிவு செய்திருக்கிறது.

இன்றைய மருத்துவர் இரத்த அழுத்தம் சரிந்து வரும் மயக்கத்தைச் சொல்வார்; வெள்ளைத் திரையும் நிறம் மாறுவதும் வியர்வையும் அதற்குப் பொருந்துகின்றன. பத்து நிமிடம் இதயம் நின்றும் நினைவு தெளிவாக இருந்தது என்பது மருத்துவத்துக்குப் பொருந்தாது. அந்த மலையில் அதை அளக்கக் கருவியும் இல்லை. இதைப் பெரிய அற்புதமாக்காதவர் ரமணரேதான். தாமாக வரவழைத்ததல்ல, இறந்தால் உடம்பு எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்பியதுமல்ல, அவ்வப்போது வருவது அன்று சற்றுக் கடுமையாக வந்தது என்று சொல்லி முடித்தார். இந்த நிகழ்ச்சியிலிருந்து எடுத்துக்கொள்ளத்தக்கது, அருகில் நின்றவர்கள் கண்ட இறப்பும் அவர் அறிந்ததும் ஒத்துப்போகவில்லை என்பது ஒன்றே. பௌத்தர்களுக்கும் இந்தச் சிக்கல் தெரிந்திருந்தது. பாலி மச்சிம நிகாயத்தின் மகாவேதல்ல சுத்தம், இறந்தவருக்கும் உணர்வெல்லாம் அடங்கிய ஆழ்ந்த சமாதியில் இருப்பவருக்கும் என்ன வேறுபாடு என்று கேட்கிறது. இருவருக்கும் மூச்சு இல்லை. சமாதியில் இருப்பவரிடம் வெப்பமும் ஆயுளும் எஞ்சியிருக்கின்றன என்பது விடை. அங்கேயும் திரும்பி வருவாரா என்பதே கோடு.

1922 மே 19ஆம் நாள் தம் அன்னை அழகம்மாள் இறக்கும்போது ரமணர் பகல் முழுக்க ஒரு கையை அவர் மார்பிலும் மறு கையைத் தலையிலும் வைத்து உட்கார்ந்திருந்தார். முன்பு பழனிசுவாமிக்கும் இப்படிச் செய்து, அடங்கிவிட்டது என்று எண்ணிக் கையை எடுத்ததும் கண் திறந்துகொண்டது. அதனால் அன்னை விஷயத்தில் மூச்சு நின்ற பின்னும் சற்று நேரம் கையை எடுக்கவில்லை. அவர் காத்திருந்தது மனம் இதயத்தில் ஒடுங்குவதற்கு. இரவு எட்டு மணியளவில் எல்லாம் முடிந்ததும், தீட்டு இல்லை, சாப்பிடலாம் என்று எழுந்தார். மூச்சு நின்ற நேரத்தை அங்கே எவரும் முதன்மையாகக் கருதவில்லை. அவர் தாமே 1950 ஏப்ரல் 14ஆம் நாள், இடக்கையில் வந்த புற்றுக்கட்டிக்கு நான்கு அறுவைச் சிகிச்சைகளுக்குப் பின், இரவு 8.47க்கு மறைந்தார். அன்று மாலைவரை மக்கள் வரிசையாக அவரைப் பார்த்துச் சென்றார்கள். நிமிடம்வரை குறித்தவர்கள் சூழ நின்றவர்கள். எங்கே போவது, போக இடம் ஏது என்ற கருத்தில் முன்பே பதில் சொல்லியிருந்தவருக்கு அந்த நிமிடம் எப்படி இருந்தது என்பதை எந்தக் குறிப்பும் சொல்லாது.

திருவண்ணாமலையில் இறப்பு உடலோடு முடிகிற விஷயமும் அல்ல. சந்நியாசம் ஏற்பவர் தமக்கே ஈமக்கடன் செய்துகொள்கிறார். இந்துச் சட்டமும் அவரைக் குடும்பச் சொத்து விஷயத்தில் இறந்தவராகவே பார்க்கிறது. மறுபக்கம், இறப்புச் செய்தி வந்து சேர்ந்த பிறகே உறவினருக்கு இறப்பு தொடங்குகிறது. வெளியூர்ச் சாவுக்குத் தீட்டுக் கணக்கிடும் முறையிலும் இது உண்டு. 14ஆம் நூற்றாண்டில் மதுரை சுல்தானோடு நடந்த போரில் கொல்லப்பட்ட போசள மன்னர் மூன்றாம் வல்லாளருக்குப் பிள்ளை இல்லை என்றும், அண்ணாமலையாரே பிள்ளையானார் என்றும் தலபுராணம் சொல்லும். தைப்பூசத்தில் அந்தச் செய்தி சுவாமிக்குச் சொல்லப்படுகிறது. மேளம் இல்லாமல் சுவாமி கோயிலுக்குத் திரும்புகிறார். மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில் திதி நடக்கிறது. மன்னர் எந்த நாளில் இறந்தார் என்பதைவிடச் செய்தி வந்த நாளே அந்த மரபில் நிலைத்திருக்கிறது. ஏழு ஆண்டுகள் எந்தத் தகவலும் இல்லாதவரை இறந்தவராக ஊகிக்கலாம் என்று நம் சாட்சியச் சட்டமும் சொல்கிறது. எந்த நாளில் இறந்தார் என்று மட்டும் அதிலிருந்து ஊகிக்க முடியாது என 2004இல் ஓர் ஆயுள் காப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வேங்கிக்காலில் இயங்கும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு மனு கொடுக்கவும், வாரிசுச் சான்று கேட்கவும், இறப்புச் சான்றிதழில் ஒரே ஒரு தேதி வேண்டும். அரசுக்கு அது போதும். மூளைச்சாவு அடைந்த கொடையாளருக்கு இரண்டாம் சோதனை முடிந்த நேரமே இறந்த நேரம். இதயம் அறுவை அரங்கில் நிற்பது அதற்குப் பல மணி நேரம் கழித்து. வார்டுக்கு வெளியே காத்திருக்கும் குடும்பம் தடுமாறுவது இங்கேதான். மார்பு ஏறி இறங்குகிறது, கை சூடாக இருக்கிறது, மூத்திரப் பை நிறைகிறது. உள்ளே நான்கு பேர் பார்த்து, இறந்துவிட்டார் என்கிறார்கள். அதுவரை ஊரே தொட்டுப் பார்த்து ஏற்ற இறப்பு, இப்போது மூடிய கதவுக்குப் பின்னால் முடிவாகிறது. கருத்தை ஏற்காததைவிட, காண இயலாததே சந்தேகத்தைப் பெருக்குகிறது.

மூச்சுச் சோதனையின்போது தண்டுவடத்தின் எதிர்வினையால் கை தானாக அசையக்கூடும், பார்ப்பவர் அதை உயிர் என்று நினைத்துக் கலங்கக்கூடும் என்பது மருத்துவர்களின் தயக்கம். அது நியாயமான தயக்கம். முன்கூட்டியே சொல்லி வைத்தால் தீரக்கூடியதும் கூட. இரண்டாம் சோதனையின்போது, விரும்பும் குடும்பத்தில் ஒருவரை உள்ளே அழைத்து, இயந்திரம் நின்ற பிறகு மார்பு எழும்பாமல் இருப்பதை அவர் தம் கண்ணால் காணச் செய்யும் வழக்கத்தை மருத்துவமனைகள் கொண்டுவர வேண்டும்.